காலத்துக்கு முன்னே வரும் பொறுப்புகள்
வாழ்நாளில் மாறும் உறவுகள் குறித்து எட்டாம் வகுப்பில் ஒரு பாடம்

எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை ஒரே நாளில் எத்தனை பெயர்களால் அழைக்கிறார்கள்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் முதலில் சிரிப்புதான் வரும். பட்டப்பெயர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்பார்கள். பட்டப்பெயரை விட்டுவிட்டு, உறவாலோ பொறுப்பாலோ வந்த பெயர்களை மட்டும் எழுதச் சொன்னால் சிரிப்பு அடங்கிவிடும், எண்ணிக்கை கூடத் தொடங்கும்.

மனிதர் ஒருவரின் உறவுகளும் அவற்றோடு சேர்ந்து வரும் பொறுப்புகளும் வயதுக்கு ஏற்ப எவ்வாறு மாறுகின்றன என்பது சமூக அறிவியல், தமிழ், வாழ்வியல் திறன் ஆகிய மூன்றுக்கும் பொதுவான பொருள். விசைத்தறிகளும் நூற்பாலைகளும் நிறைந்த பகுதியிலுள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் நான் பணியாற்றுகிறேன். எட்டாம் வகுப்பில் குடும்பம், சமூகம் குறித்த பாடப்பகுதிகளோடு இணைத்து, நான்கு செயல்பாடுகளாக இதை நடத்தி வருகிறேன். நடத்தும் முறையையும், அதன் வழியாக மாணவர்களின் வீட்டு நிலையைப் பற்றித் தெரியவந்த சிலவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

செயல்பாடு 1: எனக்கு எத்தனை பெயர்?

தேவையானவை ஒரு தாளும் பத்து நிமிடமும்தான். காலையில் எழுந்தது முதல் இரவு தூங்கும் வரை தம்மை யார் யார் எப்படி அழைக்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் பட்டியலிட வேண்டும். பாப்பா, கண்ணு, சாமி, தம்பி, அக்கா, பேரன், லீடர் என்று பட்டியல் வளரும். வீட்டில் மூத்த அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தால் பதின்மூன்று வயதுப் பெண் ‘சித்தி’ ஆகியிருப்பாள். அதே வயதுப் பையன் ‘மாமா’ ஆகியிருப்பான்.

அடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பெயரால் அழைப்பவர் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார் என்று எழுதச் சொல்ல வேண்டும். பாடம் இங்கேதான் தொடங்குகிறது. அக்காள் குழந்தையின் காதுகுத்தில், தாய்மாமன் என்ற முறையில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்ததை ஒரு மாணவன் எழுதியிருந்தான். குழந்தை அழுதபோது தனக்கும் அழுகை வந்ததாகவும், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டதாகவும் சொன்னான். “நீயும் சின்னப் பையன்தானே, ஏன் அடக்கினாய்?” என்று கேட்டேன். “மாமன் அழுதா நல்லா இருக்குமா டீச்சர்?” என்றான். உறவுப்பெயர் ஒன்று வந்து சேரும்போது அதற்குரிய நடத்தையும் கூடவே வந்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நானும் விளக்கியிருக்க முடியாது.

தமிழில் உறவுப்பெயர்கள் நுட்பமானவை. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறவர்களை நாம் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரித்துச் சொல்கிறோம். ஒவ்வொருவருக்கும் வீட்டு விசேஷங்களில் தனித்தனி இடமும் தனித்தனிக் கடமையும் உண்டு. இதை மாணவர்களே தம் வீட்டு அனுபவத்திலிருந்து சொல்லிவிடுவார்கள்.

தமிழ்ப் பாடத்தோடு இணைத்தல்

வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்துப் பார்ப்பது தமிழ் இலக்கியத்துக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உள்ளன. அவற்றை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காமல், குழந்தையின் உறவு வட்டம் எப்படி விரிகிறது என்ற கோணத்தில் காட்டலாம். காப்புப் பருவத்தில் குழந்தை பெரியவர்களின் பாதுகாப்புக்குள் மட்டுமே இருக்கிறது. வருகைப் பருவத்தில் தன்னை அழைப்பவரை நோக்கித் தளிர்நடையிட்டு வருகிறது. அம்புலிப் பருவத்தில் குழந்தையோடு விளையாட நிலவை அழைக்கிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில் தெருவில் மணல்வீடு கட்டும் சிறுமியர் வந்துவிடுகிறார்கள், தங்கள் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று கேட்கிறார்கள். தாயின் அருகிலிருந்து தோழமை வரை குழந்தை வந்து சேர்ந்துவிட்டது. மேல்நாட்டு உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட எட்டு நிலைகளை நாம் ஆசிரியர் பயிற்சியில் படித்திருக்கிறோம். அவரும் ஒவ்வொரு நிலையையும் உறவு வட்டத்தோடு சேர்த்தே விளக்கினார். முதலில் தாய், பிறகு குடும்பம், பள்ளி, நண்பர்கள் என்று அது விரிகிறது.

புறநானூற்றின் 312ஆம் பாடலும் இந்தப் பாடத்துக்கு மிகவும் பொருந்தும். பொன்முடியார் பாடியது. ஒரு பிள்ளை உருவாவதில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோருக்கு உரிய கடமைகளை வரிசையாகச் சொல்லி, அந்தப் பிள்ளையின் கடமையைக் கடைசியில் சொல்கிறது அப்பாடல். அது போர்க்களத்துக் காலம், அந்தக் கடமை இன்றைக்கு உரியதல்ல. ஆனால் வரிசையைக் கவனிக்கச் சொல்வேன். மற்ற நால்வரும் தத்தம் கடமையைச் செய்த பிறகுதான் பிள்ளையின் முறை வருகிறது. “பொண்ணுக்கு என்ன கடமைன்னு பாட்டுல இல்லையே டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வகுப்பு முழுவதும் அன்று அதைத்தான் விவாதித்தது.

செயல்பாடு 2: வீட்டின் மூத்தவரோடு நேர்காணல்

இது வார இறுதிக்கான பணி. வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும்.

1. பத்து வயதில் உங்களோடு எப்போதும் இருந்தவர்கள் யார்?
2. இருபத்தைந்து வயதில் உங்களை நம்பி இருந்தவர்கள் யார்?
3. நாற்பத்தைந்து வயதில் யாரிடம் யோசனை கேட்டீர்கள்?
4. இன்று காலையிலிருந்து யாரிடமெல்லாம் பேசினீர்கள்?
5. உங்களைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் இப்போது யார் யார்?

ஐந்தாவது கேள்வியைத்தான் மாணவர்கள் முக்கியமாகக் கருதுவதில்லை. ஆனால் அதற்கு வரும் விடைகள் அவர்களை யோசிக்க வைக்கின்றன. “எங்க அம்முச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட இப்ப ரெண்டு பேருதான் இருக்காங்க டீச்சர். நூறு நாள் வேலைக்குப் போனாத்தான் அவங்களையும் பார்க்குதாம்” என்று ஒரு மாணவி படித்தாள். பிறந்த வீட்டில் பெயர் சொல்லி அழைத்தவர்கள் இறந்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் முதலில் மருமகள், பிறகு இன்னாருடைய அம்மா, பிறகு மாமியார், இப்போது அம்முச்சி. வேலைக்குப் போகும் இடத்தில் சம வயதுத் தோழியர் இருவர் மட்டும் அவரை இன்னும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். நூறு நாள் வேலை அவருக்குக் கூலி மட்டும் தருவதல்ல என்பதை அந்த மாணவியே கண்டு சொன்னாள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். நம் மாணவர்களின் வீடுகளில் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாடப்பொருளாக அவர்களை நாம் பயன்படுத்துவது குறைவு.

செயல்பாடு 3: மூன்று வட்டங்கள்

1980இல் ராபர்ட் கான், டோனி அன்டோனூச்சி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ‘கான்வாய்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். அமைச்சர்கள் செல்லும்போது முன்னும் பின்னும் வரும் வண்டிகளுக்கு நாம் சொல்லும் அதே கான்வாய்தான். ஒவ்வொரு மனிதரும் வாழ்க்கை முழுவதும் தம்மைச் சுற்றி ஒரு துணைக்கூட்டத்தோடு பயணம் செய்கிறார் என்பது அவர்கள் சொன்னது. வழியில் சிலர் விலகுவார்கள், சிலர் புதிதாகச் சேர்வார்கள், சிலர் தொடக்கத்திலிருந்து இறுதி வரை வருவார்கள்.

இதைப் படமாக வரையலாம். நடுவில் ‘நான்’. அதைச் சுற்றி ஒன்றைவிட ஒன்று பெரிதாக மூன்று வட்டங்கள். இவர் இல்லாமல் முடியாது என்று தோன்றுபவர்கள் உள்வட்டத்தில். நெருக்கமானவர்கள், ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்பவர்கள் நடுவட்டத்தில். ஆசிரியர், கடைக்காரர், பேருந்து நடத்துநர் போலப் பழக்கத்தால் வந்தவர்கள் வெளிவட்டத்தில். மாணவர்கள் தமக்கு ஒன்றும், நேர்காணல் செய்த மூத்தவருக்கு ஒன்றும் வரைய வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். மாணவர்களின் வெளிவட்டம் நிரம்பி வழியும். முதியவர்களின் வெளிவட்டத்தில் சிலரே இருப்பார்கள். ‘பாவம், தாத்தாவுக்கு யாருமில்லை’ என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அங்கே சற்று நிறுத்த வேண்டும். லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதை வேறு விதமாகப் பார்க்கின்றன. தமக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கிறது என்று எண்ணுபவர்கள் புதிய மனிதர்களையும் புதிய செய்திகளையும் தேடுகிறார்கள். காலம் குறைவு என்று உணர்பவர்கள் மனதுக்கு நிறைவு தரும் சிலரோடு மட்டும் இருக்க விரும்புகிறார்கள். எனவே வெளிவட்டம் சுருங்குவதைத் தனிமை என்று உடனே சொல்லிவிட முடியாது. உள்வட்டம் காலியாகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் படங்களைச் சுவரில் ஒட்டக் கூடாது, வகுப்பில் உரக்கப் படிக்கவும் சொல்லக் கூடாது. யாரை எந்த வட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பது அவர்களின் சொந்த விஷயம். அப்பாவின் பெயரை வெளிவட்டத்தில் எழுதும் பிள்ளையும் நம் வகுப்பில் இருக்கக்கூடும். விரும்புபவர் மட்டும் ஆசிரியரிடம் காட்டலாம்.

செயல்பாடு 4: மாலை 4 முதல் காலை 9 வரை

பள்ளி விட்ட நேரத்திலிருந்து மறுநாள் பள்ளிக்கு வரும் வரை ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்கிறோம் என்று எழுதும் நேர அட்டவணை இது. இதற்கு ஒரே ஒரு துணைக் கேள்வி: அந்த வேலையை நீங்கள் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்?

பெரும்பாலோர் ‘அம்மா’ என்று எழுதுவார்கள். ‘யாருமில்லை’ என்று எழுதுபவர்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு மாணவியின் அட்டவணையில் ‘யாருமில்லை’ ஐந்து இடங்களில் இருந்தது. அப்பா தறி ஓட்டியவர். இருசக்கர வாகன விபத்துக்குப் பிறகு எழுந்து நடமாட முடியாத நிலை. அம்மா நூற்பாலை வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். முதல் ஷிப்டுக்கு விடியுமுன்பே வண்டி வந்துவிடும். தண்ணீர் பிடிப்பது, சோறாக்குவது, அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பது, எங்கள் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்புவது எல்லாம் பதின்மூன்று வயது மாணவியின் கையில். தினமும் இருவரும் தாமதமாக வந்ததற்கான காரணம் அந்தத் தாளில் இருந்தது.

உறவுப்பெயர் எதுவும் மாறவில்லை. அவள் இப்போதும் மகள், இப்போதும் அக்கா. ஆனால் அந்தப் பெயர்களுக்குள் இருந்த வேலை மாறிவிட்டது. வயது ஏற ஏறப் படிப்படியாக வர வேண்டிய பொறுப்புகள் ஓரிரு மாதங்களில் வந்து இறங்கிவிட்டன.

பொறுப்பு வரும் வயது

பொறுப்பே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் 1974இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். 1930களில் அமெரிக்காவில் ஏற்பட்ட பொருளாதாரப் பெருவீழ்ச்சியின்போது வளர்ந்த குழந்தைகளைப் பற்றியது அது. 1920, 1921இல் பிறந்த ஓக்லாந்து நகரத்துப் பிள்ளைகள் அப்போது பதின்ம வயதினர். குடும்ப வருமானம் விழுந்தபோது பையன்கள் சிறு வேலைகளுக்குப் போனார்கள், பெண்கள் வீட்டு வேலைகளை ஏற்றார்கள். தாங்கள் வீட்டுக்குத் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு அவர்களுக்கு வலிமை தந்தது. பின்னர் எட்டு ஆண்டுகள் இளையவர்களான பெர்க்லி நகரத்துப் பிள்ளைகளோடு அவர் ஒப்பிட்டார். அதே நெருக்கடி மிகச் சிறு வயதில் தாக்கிய அந்தப் பிள்ளைகளில், குறிப்பாகப் பையன்களிடம், பாதிப்பு அதிகமாக இருந்தது. ஒரே நிகழ்வு, ஆனால் எந்த வயதில் வருகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

நமக்கான பாடம் இது: பிள்ளை சுமக்கும் பொறுப்பைப் பார்த்தவுடன் முழுவதையும் பிடுங்கிவிட நினைக்க வேண்டாம், பெருமையாகப் பாராட்டிவிட்டு நகரவும் வேண்டாம். எவ்வளவு, எந்த வயதில், யாருடைய துணையோடு என்று பார்க்க வேண்டும். ‘வீட்டுக்கு அடக்கமான பொறுப்பான பெண்’ என்று நாம் பாராட்டும் ஒவ்வொரு முறையும், அந்தப் பெண் தன் சிரமத்தைச் சொல்லும் வாய்ப்பு குறைகிறது.

அந்த மாணவியின் அம்மாவிடம் அவருடைய வார விடுப்பு நாளில் பேசினோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய் ஒருவரும் உடன் வந்தார். யார் மீதும் குறை சொல்லாமல், அட்டவணையை மட்டும் நடுவில் வைத்துப் பேசினோம். ஒவ்வொரு வேலையாக எடுத்து, வேறு யார் செய்யலாம் என்று பார்த்தோம்.

தம்பிக்குக் காலை உணவு பள்ளியிலேயே கிடைக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு. தாமதமாக வந்ததால்தான் அவனுக்கு அது கிடைக்காமல் இருந்தது. அடுத்த தெருவில் அம்முச்சி இருந்தார். ஆனால் மகள் வீட்டுக்குத் தினமும் வந்து வேலை செய்ய அவருக்குத் தயக்கம். “மக வீட்டுல போய் உக்காந்துட்டான்னு ஊர்ல பேசுவாங்க டீச்சரம்மா” என்றார். “உக்கார வேண்டாம், விடியக்காலம் வந்து சோத்தை வடிச்சு, மாப்பிள்ளைக்கு மாத்திரையக் குடுத்துட்டுப் போங்க. பேத்தி படிக்கறதுக்குத்தானே, யாரு என்ன பேசுவா?” என்று உடன் வந்த தாய் சொன்னது எடுபட்டது. முதியவர் ஒருவருக்கு ஒரு பொறுப்பு கூடியது, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இரண்டு குறைந்தன.

அப்பாவிடம் ஒன்று கேட்டோம். மாலையில் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தினமும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்க முடியுமா என்று. விபத்துக்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் செய்யச் சொல்லிக் கேட்டிருக்கவில்லை. ஒப்புக்கொண்டார்.

மாலை நேரச் சமையல் இன்னும் அந்த மாணவியிடம்தான் இருக்கிறது. அவள் அதை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. “தம்பிக்கு நான் ஆக்கினாத்தான் புடிக்கும் டீச்சர்” என்றாள். காலையில் இருவரும் நேரத்துக்கு வருகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை அட்டவணையை மறுபடி எழுதிப் பார்க்கிறோம்.

ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியவை

வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலும் நிரந்தரமாக முடங்கினாலும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு 75,000 ரூபாய் நிதியுதவி உண்டு. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் வழங்கும் ‘அன்புக்கரங்கள்’ திட்டம் 2025இல் தொடங்கப்பட்டது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு, ஆனால் அது ஆபத்தான தொழிலாக இருக்கக் கூடாது, படிப்பையும் பாதிக்கக் கூடாது. 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது.

காலத்துக்கு முன்னே வரும் பொறுப்புகளில் மிகக் கனமானது திருமணம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். எட்டுப் பேரில் ஒருவர் என்று சொன்னால் வகுப்பறையில் அது எத்தனை இருக்கை என்று நமக்குப் புரியும். வீட்டில் பேச்சு தொடங்கியதாகத் தெரிந்தாலே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். மாணவர்களும் நேரடியாக அழைக்கலாம் என்பதை அவர்களிடம் சொல்லி வைப்பது நம் கடமை.

மதிப்பீடு: ஐம்பது வயதில் என் பெயர்கள்

பாடத்தின் முடிவில் தேர்வு வைப்பதில்லை. முதல் செயல்பாட்டின் தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ‘ஐம்பது வயதில் என்னை எப்படியெல்லாம் அழைப்பார்கள்?’ என்று எழுதச் சொல்கிறேன். ஆண்டுதோறும் ஒன்றைக் கவனிக்கிறேன். பையன்களின் பட்டியலில் இன்ஸ்பெக்டர், ஓனர், டிரைவர் அண்ணா என்று தொழிற்பெயர்கள் அதிகம், அப்பா என்ற சொல்லே சில தாள்களில் இருக்காது. பெண்களின் பட்டியலில் அம்மா, அத்தை, மாமியார் என்று உறவுப்பெயர்கள் அதிகம், தொழிற்பெயர் ஒன்றோ இரண்டோதான்.

தாள்களைத் திருப்பித் தந்து, பையன்கள் உறவுப்பெயர் மூன்றும் பெண்கள் தொழிற்பெயர் மூன்றும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்கிறேன். அப்போதுதான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. ‘டாக்டர்’ என்று எழுதலாமா என்று தயங்குபவர்களிடம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தைப் பற்றியும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்தைப் பற்றியும் சொல்லலாம். ‘அப்பா’ என்று எழுதிய பையனிடம், அந்தப் பெயரால் அழைப்பவர் உன்னிடம் என்ன எதிர்பார்ப்பார் என்று முதல் நாள் கேட்ட அதே கேள்வியைக் கேட்கலாம்.

இந்த நான்கு செயல்பாடுகளுக்கும் செலவு எதுவும் இல்லை. ஆறாம் வகுப்புக்கு முதல் இரண்டு போதும். உயர்நிலை வகுப்புகளில் நான்கையும் செய்யலாம். நேரம் குறைவாக இருந்தால் நான்காவதை மட்டுமாவது ஆண்டுக்கு இருமுறை, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அரையாண்டு விடுமுறைக்குப் பிறகும் செய்து பாருங்கள். விடுமுறைக் காலத்தில்தான் வீடுகளில் பொறுப்புகள் கை மாறுகின்றன. தாளில் ‘யாருமில்லை’ என்று எழுதிய பிள்ளைகளின் பெயர்களைத் தனியே குறித்துக்கொண்டு, அந்த வாரமே அவர்களின் வீட்டாரைச் சந்தியுங்கள்.